மாத இறுதியில் இரட்டித்த இன்வாய்ஸ்கள் – ஒரு தானியங்கிப் பணிப்பாய்வின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வு ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தில் நடந்ததைப் பதிவு செய்கிறது. நிறுவனத்தின் பெயரும் அங்கே பயன்பட்ட மென்பொருள்களின் பெயர்களும் இங்கே தேவைப்படவில்லை. ஏறத்தாழ இதே அமைப்பு எத்தனையோ அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாடிக்கையாளர்கள் இணையதளத்தில் ஆர்டர் பதிவு செய்வார்கள். கிடங்கில் சரக்கைக் கட்டி முடித்ததும் ஆர்டர் மென்பொருள் ஒரு வெப்ஹூக் (ஒரு நிகழ்வு நடந்ததும் ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் முறை) வழியாக அச்செய்தியை வெளியே அனுப்பும். அதைப் பெற்றுக்கொள்ளும் பணிப்பாய்வு நான்கு வேலைகளை வரிசையாகச் செய்யும்: கணக்கியல் மென்பொருளில் இன்வாய்ஸை உருவாக்கும், அதன் எண்ணை ஆர்டரில் திரும்ப எழுதும், இன்வாய்ஸை வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பும், சரக்கை ஏற்றலாம் என்று கிடங்குக்குத் தெரிவிக்கும். நிரல் எழுதாமல் கட்டங்களை இழுத்து அடுக்கிப் பணிப்பாய்வை அமைக்கும் வகையான ஒரு தளத்தில் இதை உருவாக்கியவர் அந்நிறுவனத்தின் ஊழியர். அவர் சில மாதங்களுக்கு முன்பே வேலையை விட்டு விலகியிருந்தார். மென்பொருள்களைப் பராமரிக்கும் பொறுப்பு எங்கள் இருவரிடம் இருந்தது.

சாதாரண நாள்களில் சுமார் 150 ஆர்டர்கள் இந்த வழியாகச் செல்லும். மாதத்தின் கடைசி மூன்று நாள்களில் அந்த எண்ணிக்கை 400 வரை ஏறும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக யாரும் இதைத் தொட வேண்டிய தேவை ஏற்படவில்லை. அதனாலேயே உள்ளே என்ன இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

முதல் அறிகுறி

ஒரு மாதத்தின் கடைசி வேலைநாளுக்கு மறுநாள், வாடிக்கையாளர் ஒருவரின் கணக்குப் பிரிவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஒரே ஆர்டருக்கு இரண்டு இன்வாய்ஸ்கள் தங்கள் கணக்கில் ஏறியிருப்பதாகவும், தொகையும் பொருள்களும் ஒன்றாக இருந்தாலும் எண்கள் மட்டும் வேறாக இருப்பதாகவும் அவர்கள் கூறினார்கள். அடுத்த நாளுக்குள் இதே புகார் மேலும் ஐந்து இடங்களிலிருந்து வந்தது. கணக்கியல் மென்பொருளில் ஆர்டர் எண்வாரியாகத் தேடியபோது 37 ஆர்டர்கள் சிக்கின. அவற்றுள் 33 ஆர்டர்களுக்கு இரண்டிரண்டு இன்வாய்ஸ்களும் 4 ஆர்டர்களுக்கு மும்மூன்றும் இருந்தன. ஆக மொத்தம் 41 இன்வாய்ஸ்கள் மிகை.

ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் பணம் செலுத்துவதும் தானியங்கி முறையில் நடந்துவந்தது. அங்கே இரண்டு இன்வாய்ஸ்களுக்கும் பணம் செலுத்தப்பட்டுவிட்டது. இங்கே ஒரு தானியங்கி செய்த பிழையை அங்கே இன்னொன்று மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்ததும் தவறாகக் கருதியதும்

பணிப்பாய்வு ஒவ்வொரு முறை இயங்கியதையும் ஓர் ஓட்டமாகப் பதிவு செய்யும், தளத்தின் ஓட்ட வரலாற்றைத் திறந்தோம். அந்த மூன்று நாள்களின் ஓட்டங்கள் அனைத்தும் பச்சை நிறத்தில் இருந்தன. தோல்வி என்று ஒன்றுகூட இல்லை. பணிப்பாய்வு ஒழுங்காக ஓடியிருந்தால் மிகை இன்வாய்ஸ்கள் வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நாங்கள் வந்தது அந்த நிறத்தை வைத்துத்தான். ஆர்டர் மென்பொருள் வெப்ஹூக்கை இரண்டு முறை அனுப்பியிருக்கலாம் என்பது முதல் ஊகம். இத்தகைய செய்திகளை அனுப்பும் அமைப்புகள் பலவும் ‘குறைந்தது ஒரு முறையாவது’ சேர்ப்பதாக மட்டுமே உறுதி கூறுகின்றன என்பதால் இது நியாயமான ஐயம்தான். ஆனால் ஓட்டங்களை எண்ணியபோது ஆர்டருக்கு ஒன்றுதான் இருந்தது.

அடுத்த ஊகம் அவ்வளவு நியாயமானதாக இல்லை. கணக்குப் பிரிவில் மூத்த ஊழியர் ஒருவருக்கு இன்வாய்ஸைக் கையால் உருவாக்கும் அனுமதி இருந்தது. மாத இறுதி நெருக்கடியில் மின்னஞ்சல் வரத் தாமதமானதைக் கண்டு அவரே மீண்டும் உருவாக்கியிருப்பார் என்று கருதினோம். அவர் மறுத்தார். ஆயினும் அவருடைய வேலைநேரத்தையும் இன்வாய்ஸ்கள் உருவான நேரத்தையும் ஒப்பிடுவதில் இரண்டு நாள்கள் கழிந்தன. அந்த ஒப்பீட்டிலும் ஒரு குழப்பம் இருந்தது: பணிப்பாய்வுத் தளம் நேரத்தை யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் காட்டியது, கணக்கியல் மென்பொருளோ உள்ளூர் நேரத்தில் காட்டியது. இரண்டு பட்டியல்களையும் அப்படியே அருகருகே வைத்ததால், இன்வாய்ஸ்கள் அவற்றுக்குரிய ஓட்டத்தோடு பொருந்தாத வேறு நேரத்தில் பிறந்ததுபோலத் தோன்றின. அந்தத் தோற்றம் கைவேலை என்ற எங்கள் ஐயத்துக்கு வலுச் சேர்த்தது.

எல்லா நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றி எழுதிய பிறகுதான் உண்மை புலப்படத் தொடங்கியது. ஒரே ஆர்டருக்கான முதல் இன்வாய்ஸுக்கும் இரண்டாவதுக்கும் இடையே இருந்த நேரம் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது. நெருக்கடியில் வேலை செய்யும் ஒரு மனிதரின் கை 37 ஆர்டர்களிலும் இவ்வளவு சீராக இயங்காது.

காரணம் தெரிந்த விதம்

பச்சை நிற ஓட்டம் ஒன்றைத் திறந்து, அதனுள் இன்வாய்ஸ் உருவாக்கும் கட்டத்தை மட்டும் விரித்தோம். அதன் ஓரத்தில் இருந்த ஒரு சிறிய குறியை அழுத்தியபோது, அந்தக் கட்டம் ஒரு முறை அல்ல, இரண்டு முறை முயன்றிருந்தது தெரிந்தது. முதல் முயற்சியின் விடை 504, அதாவது குறித்த நேரத்துக்குள் மறுமுனையிலிருந்து விடை வரவில்லை என்று கோரிக்கையை இடைநின்று கடத்தும் கேட்வே கூறும் குறியீடு. இரண்டாவது முயற்சி வெற்றி. தளம் கடைசி முயற்சியின் முடிவை மட்டுமே அந்தக் கட்டத்தின் முடிவாகக் கணக்கில் எடுத்து, மொத்த ஓட்டத்துக்கும் பச்சை நிறம் பூசியிருந்தது.

அதன் பிறகு நிகழ்வுகளை வரிசைப்படுத்துவது எளிதாயிற்று. அழைப்புக்கு விடை வர 30 விநாடி காத்திருக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. சாதாரண நாள்களில் இன்வாய்ஸ் உருவாக இரண்டு மூன்று விநாடிகளே ஆகும். மாத இறுதியிலோ, வாடிக்கையாளர் நிலுவை அறிக்கைகளைக் கணக்குப் பிரிவு பகலிலேயே தயாரித்துவந்தது; புதிய இன்வாய்ஸ் ஒவ்வொன்றும் திருத்த வேண்டிய அதே நிலுவை அட்டவணைகளை அந்த அறிக்கைகள் வேறு எதுவும் திருத்த முடியாதபடி நெடுநேரம் பூட்டிவைத்திருந்தன. அதனால் இன்வாய்ஸ் 35 அல்லது 40 விநாடி கழித்து உருவானது. உருவான செய்தியைக் கேட்க அந்த முனையில் யாரும் இல்லை. தளம் முன்னதாகவே டைம் அவுட், அதாவது காத்திருக்கும் நேரம் முடிந்தது என்று முடிவு செய்து, 20 விநாடி கழித்து அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பியிருந்தது. அதுவும் தாமதமானால் அடுத்த முயற்சி 40 விநாடி கழித்து. மும்மூன்றாக இருந்த அந்த 4 ஆர்டர்களின் கதை இதுதான்.

மறுமுயற்சி என்பது யாரும் தேர்ந்தெடுத்து வைத்த அமைப்பாகத் தெரியவில்லை. புதிய கட்டம் ஒன்றைச் சேர்த்தாலே அது தானாக இயக்கத்தில் இருந்தது. தகவலைப் படிக்கும் கட்டங்களுக்கு இதனால் தீங்கில்லை. மென்பொருள்கள் இணையத்தில் பேசிக்கொள்ளும் எச்.டி.டி.பி. நெறிமுறையை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 9110 (2022) என்ற ஆவணம் இதைத் தெளிவாகவே பிரிக்கிறது: கெட் (படிப்பது), புட் (மாற்றி எழுதுவது), டிலீட் (நீக்குவது) ஆகிய கோரிக்கைகளை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒரு முறை அனுப்பியதற்குச் சமம், புதிதாக ஒன்றை உருவாக்கப் பயன்படும் போஸ்ட் அப்படியல்ல, ஆகவே மீண்டும் அனுப்புவதால் கேடில்லை என்று அறிய வழியில்லாத நிலையில் அதைத் தானாக மறுமுறை அனுப்பலாகாது. இன்வாய்ஸ் உருவாக்கம் ஒரு போஸ்ட் கோரிக்கை. ஆனால் தளத்தின் திரையில் எல்லாக் கட்டங்களும் ஒரே அளவில் ஒரே வடிவத்தில்தான் இருந்தன.

இங்கே உண்மையில் மூன்று நிலைகள் இருந்தன. இன்வாய்ஸ் உருவாயிற்று என்பது ஒன்று. உருவாகவில்லை என்பது இன்னொன்று. உருவாயிற்றா இல்லையா என்று இந்த முனையில் தெரியவில்லை என்பது மூன்றாவது. தளத்திடம் இரண்டு நிறங்களே இருந்ததால் மூன்றாவதும் தோல்விக் கணக்கிலேயே விழுந்தது. கணினி அறிவியலுக்கு இது புதிய சிக்கல் அல்ல. தூதன் திரும்பி வராதபோது ஓலை போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவர் எப்படி அறிவார் என்னும் ‘இரு தளபதிகள்’ புதிருக்குக் கணினி அறிவியலாளர் ஜிம் கிரே 1978இல் அந்தப் பெயரை இட்டார்.

முதல் முடிவும் அதன் விளைவும்

காரணம் தெரிந்த அன்றே, இன்வாய்ஸ் கட்டத்தின் மறுமுயற்சியை முற்றிலும் நிறுத்தினோம். இந்த முடிவு என்னுடையது. மிகை இன்வாய்ஸ் ஒவ்வொன்றும் அதன் தொகையை ஈடுசெய்யும் ஒரு கிரெடிட் நோட்டையும் ஒரு மன்னிப்புக் கடிதத்தையும் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. புதியது ஒன்றுகூட வரக்கூடாது என்பதே அப்போது என் முன் இருந்த ஒரே கேள்வி. நிலுவை அறிக்கைகளை இரவுக்கு மாற்றவும் கணக்குப் பிரிவிடம் கேட்டுக்கொண்டோம். அவர்கள் ஒப்புக்கொண்டாலும் அந்த மாதத்துக்கான அறிக்கைகள் பகலில் இன்னும் சில நாள்கள் ஓடவேண்டியிருந்தன.

இரட்டிப்பு அன்றோடு நின்றது. நான்காம் நாள், சரக்கு ஏன் வரவில்லை என்று வேறொரு வாடிக்கையாளர் கேட்டார். அவருடைய ஆர்டருக்கு இன்வாய்ஸ் ஒன்றே ஒன்று சரியாக இருந்தது. ஆனால் அது மின்னஞ்சலில் செல்லவில்லை, கிடங்குக்கும் செய்தி போகவில்லை. 504 வந்தவுடன் ஓட்டம் அங்கேயே நின்றுவிட்டதால் அடுத்த மூன்று கட்டங்களும் நடக்கவே இல்லை. இப்படி 14 ஆர்டர்கள் கட்டிய நிலையில் கிடங்கிலேயே இருந்தன. இம்முறை ஓட்ட வரலாறு சிவப்பு நிறத்தில்தான் காட்டியது, நாங்கள்தான் பார்க்கவில்லை. தோல்வி ஏற்பட்டால் தளம் மின்னஞ்சல் அனுப்பும் என்று நம்பியிருந்தோம். அது அனுப்பவும் செய்தது, பணிப்பாய்வை உருவாக்கியவருக்கு. அவர் விலகிய பின் அவருடைய அஞ்சல் பெட்டியை யாரும் திறந்திருக்கவில்லை.

இதைத் தேடியபோது இன்னொன்றும் தெரிந்தது. கணக்கியல் மென்பொருளுடனான இணைப்பே அவருடைய தனிப்பட்ட கணக்கின் அனுமதியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. விதிப்படி அந்தக் கணக்கை அவர் விலகிய அன்றே யாராவது முடக்கியிருந்தால் மொத்தப் பணிப்பாய்வும் அன்றே நின்றிருக்கும். ஒரு கவனக்குறைவு மற்றொன்றை மறைத்துக் காப்பாற்றி வந்திருந்தது.

மறுமுயற்சியை நிறுத்தியது தவறு என்று இப்போதும் நான் கருதவில்லை. அதை நிறுத்தினால் நின்றுபோகும் ஓட்டங்கள் யார் கண்ணில் படும் என்று கேட்காமல் நிறுத்தியதுதான் தவறு.

இரண்டாம் முயற்சி

அடுத்து, இன்வாய்ஸை உருவாக்கும் முன் அதே ஆர்டர் எண்ணில் இன்வாய்ஸ் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடும் கட்டம் ஒன்றைச் சேர்த்தோம். இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு மேலே செல்லும், இல்லையேல் உருவாக்கும். இந்தத் தேடலுடன் சேர்த்து மறுமுயற்சியை மீண்டும் இயக்கலாம் என்பது திட்டம். பார்க்கப் போதுமானதாகத்தான் தோன்றியது.

நேரடியாக இயக்காமல் சோதனைச் சூழலில் 50 பொய் ஆர்டர்களை விட்டு, கணக்கியல் பக்கத்தில் வேண்டுமென்றே 60 விநாடி வரை தாமதத்தை ஏற்படுத்தினோம். மூன்று ஆர்டர்கள் மீண்டும் இரட்டித்தன. முதல் கோரிக்கை உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மறுமுயற்சியின் தேடல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த நொடியில் இன்வாய்ஸ் உருவாகி முடியவில்லை என்பதால் ‘இல்லை’ என்ற விடை வருகிறது. அதை நம்பி இரண்டாவது உருவாகிறது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டலாம் என்று என் சக பணியாளர் கூறினார். கூட்டினால் இரட்டிப்பு அரிதாகும், மறையாது. அரிதாக நிகழும் பிழையைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம் என்பதால் அதை விட்டோம்.

நிலைத்த தீர்வு

ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை எழுதப்படாமல் தடுக்கும் வல்லமை, அதை எழுதும் இடத்துக்கு மட்டுமே உண்டு. ஆகவே கணக்கியல் மென்பொருளின் அமைப்புகளைத் தேடினோம். இன்வாய்ஸில் அது எதற்கு உரியது என்று குறிக்கும் ‘மேற்கோள் எண்’ என்று ஒரு புலமும், அதே மேற்கோள் எண் இரண்டாம் முறை வந்தால் மறுக்க வேண்டும் என்று ஓர் அமைப்பும் இருந்தன. அந்த அமைப்பு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. யார், எப்போது, எதற்காக நிறுத்தினார்கள் என்று எங்கும் எழுதப்படவில்லை.

உடனே இயக்கிவிடலாம் என்ற ஆவலை அடக்கிக்கொண்டு கணக்குப் பிரிவில் கேட்டோம். காரணத்தைக் கூறியவர், முதல் இரண்டு நாள்கள் நாங்கள் யார்மீது ஐயம் கொண்டிருந்தோமோ அதே மூத்த ஊழியர். சரக்கு முழுவதும் கையிருப்பில் இல்லாதபோது ஒரே ஆர்டரை இரண்டு மூன்று தவணைகளாக அனுப்புவதுண்டு. தவணைக்கு ஒரு இன்வாய்ஸ், எல்லாவற்றுக்கும் மேற்கோள் ஒரே ஆர்டர் எண். தடுப்பு இயக்கத்தில் இருந்தால் இரண்டாம் தவணை இன்வாய்ஸ் மறுக்கப்படும் என்பதால் அதை நிறுத்தச் சொன்னவரே அவர்தான். அவரைக் கேட்காமல் இயக்கியிருந்தால், இரட்டை இன்வாய்ஸ் சிக்கலை இன்வாய்ஸே இல்லாத சிக்கலாக மாற்றியிருப்போம்.

எனவே மேற்கோள் எண்ணையே மாற்றினோம். ஆர்டர் எண்ணோடு தவணை வரிசை எண்ணையும் இணைத்து எழுதினால், ஒரு தவணைக்கு அது என்றும் ஒன்றாகவே இருக்கும், இரண்டு தவணைகளுக்குள் மோதாது. ஓட்டத்தின் அடையாள எண்ணையோ அப்போதைய நேரத்தையோ இதற்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனையும் வந்தது. அதே ஆர்டருக்கு யாராவது ஓட்டத்தைக் கையால் மீண்டும் தொடங்கினால் அவை மாறிவிடும் என்பதால் ஏற்கவில்லை. இரட்டிப்பைக் கண்டறிய உதவும் இந்த அடையாளம், அதாவது திறவுகோல், வணிக நிகழ்விலிருந்து பிறக்க வேண்டும், அதைச் சுமந்து செல்லும் இயந்திரத்திலிருந்து பிறக்கக் கூடாது.

தடுப்பை இயக்கிய பின், இரண்டாம் முயற்சிக்கு 409 என்ற மோதல் குறியீடு விடையாக வந்தது. அதைத் தோல்வியாகக் கொள்ளாமல், அந்த மேற்கோள் எண்ணுக்குரிய இன்வாய்ஸைப் படித்து, வாடிக்கையாளரும் தொகையும் ஆர்டரோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, பொருந்தினால் அந்த எண்ணோடு அடுத்த கட்டத்துக்குச் செல்லுமாறு பணிப்பாய்வை அமைத்தோம். பொருந்தாவிட்டால் ஓட்டம் நின்று ஒரு மனிதரைத் தேடும். பிறகே மறுமுயற்சியை மீண்டும் இயக்கினோம். சோதனைச் சூழலில் அதே 50 ஆர்டர்களும் அதே தாமதமும், இரட்டிப்பு இல்லை.

தேங்கிய 14 ஆர்டர்களையும் இந்தப் புதிய பணிப்பாய்வு வழியாகவே செலுத்தினோம். அவற்றோடு, பழைய மேற்கோள் எண்களைத் திருத்தும் கோரிக்கைகளையும் ஒரே மூச்சில் அனுப்பியதால் கணக்கியல் மென்பொருள் 429 என்று பதில் தந்தது: அளவுக்கு மீறிய கோரிக்கைகள். இது 504 போன்றதல்ல. 429 வந்தால் அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்பது உறுதி, ஆகவே எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்று விடையின் தலைப்பகுதியில் இருப்பதைப் படித்து அவ்வளவு நேரம் பொறுத்து அனுப்பினாலே போதும்.

பின்தொடர்ந்தவை

மிகையான 41 இன்வாய்ஸ்களையும் அழிக்கவில்லை. வெளியே சென்றுவிட்ட எண்ணை வரிசையிலிருந்து நீக்குவது கணக்குத் தணிக்கையில் வேறு கேள்விகளை எழுப்பும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் நோட் தரப்பட்டது. இரு முறை பணம் செலுத்தியவருக்கு மிகைத் தொகை திருப்பித் தரப்பட்டது. இணைப்பு எந்தத் தனிநபரையும் சாராத பணிக்கணக்குக்கு மாற்றப்பட்டது. தோல்வி அறிவிப்புகள் நாங்கள் இருவரும் கணக்குப் பிரிவும் பார்க்கும் பொது அஞ்சலுக்குச் செல்கின்றன.

அறிவிப்பை மட்டும் நம்பவில்லை. வெப்ஹூக் வரவே இல்லையென்றால் ஓட்டமே தொடங்காது. தொடங்காத ஓட்டம் எந்தத் தோல்வியையும் அறிவிக்காது. ஆகவே ஒவ்வொரு காலையும், முந்தைய நாள் கட்டி முடித்த தவணைகளின் பட்டியலையும் உருவான இன்வாய்ஸ்களின் பட்டியலையும் பணிப்பாய்வுக்கு வெளியே தனியாக ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மட்டுமல்லாமல் இல்லாதபோதும் ‘வேறுபாடு இல்லை’ என்ற ஒரு வரி அஞ்சலாக வருமாறு செய்தோம். அந்த வரி வராத காலை என்றால் ஒப்பீடே ஓடவில்லை என்று பொருள்.

இனி மாற்றிச் செய்ய விரும்புபவை

முதல் நாளே ஓட்ட வரலாற்றை முழுவதுமாகத் தரவிறக்கி வைத்திருக்க வேண்டும். தளம் அதை 30 நாள்கள் மட்டுமே வைத்திருக்கும் என்று தெரிந்தபோது முந்தைய மாத இறுதிகளின் தடயம் போய்விட்டிருந்தது. கணக்கியல் மென்பொருளில் தேடியதில் அதற்கு முந்தைய மாதத்திலும் ஒன்றிரண்டு இரட்டை இன்வாய்ஸ்கள் கிடைத்தன. அவையும் இதே காரணத்தால் வந்தவையா என்று உறுதிப்படுத்த வழியில்லை.

மனிதரை ஐயுறும் முன் எல்லாப் பதிவுகளையும் ஒரே நேர அளவுக்குக் கொண்டுவந்திருப்பேன். அது அரை மணி நேர வேலை. வெற்றி என்று குறிக்கப்பட்ட ஓட்டங்களுள் எத்தனை முதல் முயற்சியிலேயே வென்றன என்ற எண்ணிக்கையையும் அப்போதே எடுத்திருப்பேன். இப்போது அந்த எண்ணிக்கை வாரந்தோறும் எடுக்கப்படுகிறது. வேறு எந்தப் பணிப்பாய்வுகளில் உருவாக்கும் கட்டங்கள் தானியங்கி மறுமுயற்சியோடு ஓடுகின்றன என்று பார்த்ததில் மேலும் இரண்டு கிடைத்தன. அவற்றுள் ஒன்று பணம் திருப்பித் தருவது தொடர்பானது. அதை அன்றே நிறுத்திவிட்டு, யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று இம்முறை முதலில் கேட்டோம்.

அடுத்த மாத இறுதியில் அறிக்கைகள் இரவுக்கு மாறியிருந்ததால் தாமதம் பெரிதும் குறைந்தது. ஆயினும் 6 ஆர்டர்களுக்கு 504 வந்தது. ஆறிலும் இரண்டாம் முயற்சி 409 பெற்று, முன்பே உருவான இன்வாய்ஸைக் கண்டெடுத்து, மின்னஞ்சலையும் கிடங்குச் செய்தியையும் முடித்தது. தீராமல் நிற்பது ஒன்று உண்டு: தொலைபேசியில் வரும் ஆர்டர்களைக் கையால் பதிவு செய்யும்போது தவணை எண் சில நேரம் காலியாக விடப்படுகிறது. அவற்றுக்கு மேற்கோள் எண் அமையாது என்பதால் பணிப்பாய்வு அவற்றை ஏற்காமல் ஒதுக்கிவைக்கிறது. அந்த மூத்த ஊழியர் ஒவ்வொரு மாலையும் அவற்றைக் கையால் முடிக்கிறார்.